ஏழு முப்பத்தைந்துக்குப் போன வண்டி

ஹெப்சிபா அந்தக் காரியத்தைச் செய்ய நாலு நிமிடம்கூட ஆகவில்லை. போன நவம்பரில், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருக்கிற தன் கண்காணிப்புக் கேமரா கடையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள். அவளுடைய மேக் லேப்டாப்போடு கூடவே வந்த சின்னச் சின்னக் கட்டளைகள் இருக்கின்றனவே, நேரம் சொல்வது, கோப்பைப் பிரதி எடுப்பது, பட்டியல் போடுவது, அவற்றையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, அதே பெயர்களில் வெளியிலிருந்து கிடைக்கிற வேறொரு கூட்டத்தைக் கொண்டுவந்து முன்வரிசையில் நிறுத்தினாள். கோயம்புத்தூரில் தெரிந்த ஒருவர் கொடுத்த புரோகிராம் பழைய கட்டளைகளோடு ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்ததுதான் காரணம். இனிமேல் நேரம் கேட்டு 'டேட்' என்று அடித்தால் வந்து நிற்பது கம்பெனி கொடுத்த டேட் இல்லை, இவள் இறக்கிய டேட். கோயம்புத்தூர்ப் புரோகிராம் ஜம்மென்று ஓடியது. டீயைக் குடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். இந்த மாதிரிக் காரியம் செய்யும்போது இடி இடிக்காது, மின்னல் வெட்டாது. அதுதான் சனியன்.

அந்தச் சனியன் ஒன்பது மாதம் பொறுத்திருந்து, ஆகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவில் வைத்து அவளைப் பிடித்தது.

அன்று அவள் சாட்சி. தம்பி ஜெபின்தான் வெள்ளை மினி லாரியில் கூட்டிக்கொண்டு வந்தான். வண்டி அவள் பெயரில் இருந்தது. கேபிள் சுருள், ஏணி, கேமராப் பெட்டி எல்லாம் அதில்தான் போகும், ஓட்டுவது அவன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபது. அதற்கப்புறம் அவனுக்குச் சட்டை எடுத்தது இவள், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தால் வாத்தியாரோடு மல்லுக்கு நின்றது இவள், குடித்துவிட்டு வந்தால் கதவைத் திறந்துவிட்டுத் திட்டியதும் இவள்தான். இந்த வருடம் பையன் குடியை விட்டிருந்தான். சொன்ன பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கர்த்தர் ஒருவழியாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார் என்று ஹெப்சிபா நினைத்துக்கொண்டாள்.

வழக்கு இதுதான். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் வேலை பார்த்த கருத்தம்மா, ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து செட்டியார்பட்டி போகும் சாலையில் நடந்து போனாள். மில் கேட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் இருக்காது, வளைவில் ஒரு வண்டி அடித்தது. அடித்தவன் இறங்கினான். இறங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கவில்லை. உயிர் இருந்தவளை இழுத்து ஓடைக்குள் தள்ளிவிட்டுப் போனான். பின்னால் பைக்கில் வந்த ஒருவர், வெள்ளை மினி லாரி ஒன்று கிளம்பிப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தார், நம்பர் தெரியவில்லை. அவர் நூற்றியெட்டுக்கு ஃபோன் அடித்தது ஏழு பன்னிரண்டு. ஆம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வெறும் விபத்தென்றால் ராஜபாளையத்தோடு போயிருக்கும். ஓடையில் தள்ளியதால்தான் வழக்கு பெரிதாகி ஸ்ரீவில்லிபுத்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது.

மில் கேட்டில் இருந்த கேமரா ஹெப்சிபா மாட்டியது. கரண்டு போய் வந்தால் அதன் திரையில் ஓடும் கடிகாரம் இரண்டாயிரமாம் வருடத்துக்குப் போய்விடும். ஆனால் பதிவுப் பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் சுத்தமானது. அந்தப் பெட்டி அரைமணிக்கு ஒரு கோப்பாகப் படத்தைச் சேமிக்கும். சேமிக்கத் தொடங்கிய நொடியைப் பத்து இலக்க எண்ணாக்கிக் கோப்புக்குப் பெயராக வைக்கும். மனுசப் பிறவி படிக்கிற எண் இல்லை அது. ஹெப்சிபா நாலு வருடத்துக்கு முன்னால் எழுதிய குட்டிப் புரோகிராம் ஒன்று அந்த எண்ணை டேட் கட்டளையிடம் கொடுத்து, மணியும் நிமிடமுமாக மாற்றித் தரும். போலீஸ் கேட்டபோது கடை லேப்டாப்பில் அதை ஓட்டி, வந்த நேரத்தோடு படம் ஓடிய நிமிடத்தைக் கூட்டி, எந்த வண்டி எத்தனை மணிக்கு கேட்டைத் தாண்டித் தெற்கே போனது என்று பட்டியல் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

பட்டியலில் ஏழு ஐந்துக்கு ஒரு வெள்ளை மினி லாரி. அது பாண்டிதுரையின் வண்டி. மறுநாளே அவனைத் தூக்கிவிட்டார்கள், எட்டு மாதமாக உள்ளே இருக்கிறான். ஏழு முப்பத்தைந்துக்கு இன்னொரு வெள்ளை மினி லாரி. அது ஜெபின். தம்பி வண்டி திரையில் ஓடுவதைப் பார்த்து அன்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. போலீஸ் அதைச் சீந்தவில்லை. ஏழு முப்பத்தைந்துக்குள் அந்த இடத்தில் ஆம்புலன்சே வந்து நின்றுவிட்டது, அப்புறம் போகிற வண்டியை யார் கேட்பார்கள்?

வராந்தாவில் பாண்டிதுரையின் பெண்டாட்டி வெங்கடேஸ்வரி அவளை மறித்தாள். கோபமாக வந்திருந்தால் ஹெப்சிபாவுக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் கோபமாக வரவில்லை.

"அக்கா, அவிய மொதநாள்ல இருந்து ஒரே பேச்சுத்தான் பேசுதாக. ஆறரை தாண்டி அஞ்சு நிமிசத்துல கேட்டத் தாண்டிட்டேன், நூல் மூட்டைய எறக்கிப்போட்டு தளவாய்புரம் போயி டீ குடிச்சேன்னு. டீக்கடைக்காரருக்கு ஞாபகம் இல்லையாம். நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்கக்கா."

"நான் சொல்லலம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது. அதுக்கு உன் வீட்டுக்காரர் மேல என்ன பகை இருக்கு?" என்றாள் ஹெப்சிபா.

வெங்கடேஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டு தூண் பக்கம் போய்விட்டாள். தான் பேசியது ஹெப்சிபாவுக்கே நன்றாக இல்லை. ஆனாலும் என்ன செய்ய, நேரம் நேரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஜெபின் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, சோடா வாங்கியாரட்டா?" என்றான். வேண்டாம் என்று அனுப்பினாள்.

அரசு வக்கீல் கல்பனா கறுப்புக் கவுனை உதறிக்கொண்டு வந்தார். "எதிர்த் தரப்புல, எப்படி இந்த நேரம் வந்துச்சு, ஓட்டிக் காட்டுன்னு கேட்பாங்க. லேப்டாப் ரெடியா இருக்கட்டும். பத்து நிமிஷத்துல கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கடை லேப்டாப் பேட்டரி உப்பி சர்வீசுக்குப் போயிருந்தது. அதனால் வீட்டில் ஜெபின் கிரிக்கெட் பார்க்க வைத்திருந்த பழைய மேக்கை எடுத்து வந்திருந்தாள். அதே புரோகிராம், அதே கோப்புகள். எதற்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்து ஓட்டினாள்.

ஏழு மணி என்று வர வேண்டிய கோப்புக்கு ஆறு முப்பது என்று வந்தது.

ஏதோ கை தவறிவிட்டது என்று மறுபடி ஓட்டினாள். ஆறு முப்பது. கையெழுத்துப் போட்ட பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். திரையில் எல்லா வரியும் பட்டியலைவிட அரைமணி நேரம் முந்தி நின்றது. ஒரு வரிகூடத் தப்பவில்லை. கோப்பின் விவரத்தைத் திறந்தாள். பெயரில் இருந்த எண் ஆறரையைச் சொன்னது. 'கடைசியாக எழுதியது' என்ற இடத்தில் ஏழு மணி என்று இருந்தது. பட்டியலில் அவள் கொடுத்தது அந்த ஏழு மணியை.

நவம்பர் மாதத்து டீ அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பழைய டேட்டிடம் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்குள் இருக்கும் நேரத்தைச் சொல்லும். இந்தப் பழைய மேக்கில் இருப்பது அதுதான், கை வைக்காத டேட். கடை லேப்டாப்பில் அவள் இறக்கிய புது டேட்டுக்கு, அதே இடத்தில் கொடுப்பது எண் இல்லை, கோப்பின் பெயர். அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இல்லையென்றால் தப்பு என்று கத்தித் தொலைத்திருக்கும். ஆனால் இங்கே கோப்பின் பெயரே அந்த எண்தான். அதனால் சத்தமே போடாமல் கோப்பைத் தேடி எடுத்து, அதைக் கடைசியாக எழுதி முடித்த நேரத்தைச் சொல்லிவிட்டது. தொடங்கிய நேரத்தைக் கேட்டவளுக்கு முடிந்த நேரம் கிடைத்தது. நடுவில் ஒரு அரைமணி, அந்த அரைமணிக்குள் ஒரு மனுசன் எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறான்.

அப்படியென்றால் பாண்டிதுரை போனது ஆறு முப்பத்தைந்து. அவன் சொன்ன அதே நேரம். தூண் பக்கம் நின்ற வெங்கடேஸ்வரியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தவள், எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்தாள். எல்லா வரியும் அரைமணி முந்திப் போகிறது என்றால், ஜெபினின் ஏழு முப்பத்தைந்தும் முந்திப் போகும்.

அடுத்த கோப்பைத் திறந்தாள். அதை அன்று நாலு மடங்கு வேகத்தில் ஓட்டி, வண்டிகளை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது மெதுவாக ஓட்டினாள். முதல் நிமிடத்திலேயே கேட்டைத் திறந்து ஷிஃப்ட் முடிந்த பெண்கள் வெளியே வந்தார்கள். நாலாவது வரிசையில் ஒருத்தி, கையில் ஆரஞ்சு நிறச் சாப்பாட்டுப் பை. ஓடையில் எடுத்த பொருள்களின் பட்டியலில் அந்தப் பை இருந்தது, படத்தோடு. கருத்தம்மா யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துவிட்டுத் தெற்கே திரும்பி நடந்தாள். ஹெப்சிபாவின் பட்டியல்படி அப்போது மணி ஏழு முப்பத்தொன்று, அவள் ஓடையில் விழுந்து பத்தொன்பது நிமிடத்துக்கு மேல். நாலு நிமிடம் கழித்து வெள்ளை மினி லாரி ஒன்று அவள் போன பக்கமே போனது. பின்கதவில் ஹெப்சிபா கடையின் பெயர், அவளே நின்று எழுத வைத்தது.

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டி கேன்டீன் பக்கத்தில் நின்றது. ஜெபின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முன் பம்பரைப் பார்த்தாள். டிசம்பரில் மாற்றிய புதுப் பம்பர். நாய் குறுக்கே பாய்ந்துவிட்டது, நம்மூர் நாய்தான்க்கா, கன்னுக்குட்டி உசரம் என்று கையை உயர்த்திக் காட்டினான் அன்று. பம்பர் கிடக்கட்டும், உனக்கு அடி படலையே என்று இவள் அவன் தலையைத் தடவிவிட்டாள்.

"ஏலே, டிசம்பர்ல ஒரு நாய அடிச்சியே."

"ஆமா. அதுக்கென்னக்கா இப்ப?"

"அது கையில ஆரஞ்சுப் பை வச்சிருந்துச்சால?"

துணி அவன் கையிலேயே நின்றது. அவன் சொன்னதை அவள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை.

"உனக்குத்தான் அப்பவே தெரியும்லாக்கா."

"எனக்கா?"

"நீதான நேரத்த மாத்துன? நான் ஏழு மணி தாண்டித்தான் அங்க போனேன், எனக்குத் தெரியாதா? பட்டியல்ல முப்பத்தஞ்சுன்னு போட்டிருந்த. எனக்காகத்தான் மாத்திட்டேன்னு நெனச்சேன். அக்கா ஒத்த வார்த்த கேக்காம இம்புட்டு செஞ்சிருக்காளே, இனி ஒழுங்கா இருக்கணும்னுதான் குடியவே விட்டேன்."

எட்டு மாதமாக அவள் சந்தோசப்பட்டது இதற்குத்தானா? ஒரு குற்றமும் செய்யாதவனைத் தூக்கி உள்ளே வைத்து, அவன் பெண்டாட்டியைத் தெருவில் நிறுத்தி, அதைத் தன் அக்கா தெரிந்தே செய்தாள் என்று இவன் நம்பியிருக்கிறான். நம்பி, அதற்காகவே அவள் மேல் பாசத்தைக் கொட்டியிருக்கிறான். அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"தள்ளும்போது உசிரு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"முனங்குச்சுக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போதையில இருந்தேன். பயந்துட்டேன்."

அவன் கிட்டே வந்து லேப்டாப்பில் கை வைத்தான்.

"இதக் குடுத்திரு. கீழ விழுந்து ஒடஞ்சி போச்சின்னு சொல்லிக்கிடுவோம். நீ பட்டியல்ல உள்ளத மட்டும் சொல்லிட்டு எறங்கிரு. மாத்திச் சொன்னேன்னு வையி, தம்பியக் காப்பாத்த நீதான் அன்னைக்கு நேரத்த திருத்துனேன்னு சொல்லுவாக. நானே எட்டு மாசம் அப்படித்தான நெனச்சேன்? ரெண்டு பேருந்தான் உள்ள போவோம்."

சும்மா சொல்லக் கூடாது, பயல் பேசியதில் நியாயம் இருந்தது. கட்டளையை மாற்றினேன், அது வேறு மாதிரி புரிந்துகொண்டது என்று சொன்னால் எந்த வக்கீல் நம்புவார்? கூடப் பிறந்தவனே நம்பவில்லை. வராந்தாவில் டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டார். ஒருமுறை. இரண்டாம் முறை. அவன் கை லேப்டாப்பை விடவில்லை. ஒன்பது வயதில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் சேலையைப் பிடித்திருந்தானே, அதே பிடி. மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவள் அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"எங்கயும் போயிராத" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூண்டில் ஏறினாள். எதிரே பாண்டிதுரை நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேசை மேல், சீட்டுக் கட்டிய பொருள்களுக்கு நடுவில் அந்த ஆரஞ்சுப் பை இருந்தது. நீதிபதி ஒரு பெண்மணி, கண்ணாடி போட்டவர். உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று ஹெப்சிபா சொல்லி முடித்தாள். எத்தனை பேர் இதைச் சொல்லியிருப்பார்கள் இந்த இடத்தில்.

"இந்தப் பட்டியல் நீங்க தயாரிச்சதுதானே?" என்று கல்பனா கேட்டார்.

"ஆமா."

"இதுல இருக்கிற நேரமெல்லாம் சரிதானே?"

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். இறங்கிப் போய் வண்டியில் ஏறி, சாப்பாட்டு நேரத்துக்கு ராஜபாளையம் போய்விடலாம். பின்பெஞ்சில் வெங்கடேஸ்வரி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். எல்லாம் தப்பு. என் தப்பு."

கல்பனா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். நீதிபதி எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, "விளக்கமாச் சொல்லுங்க" என்றார்.

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னாள். "ரெண்டுக்கும் ஒரே பேருதாம்மா. மெசினோட வந்தது ஒண்ணு, நான் வெளிய இருந்து போட்டது ஒண்ணு. பேரு மாறலங்கிறதால வேலையும் மாறலன்னு நெனச்சிட்டேன். பழசு படம் ஆரம்பிச்ச நேரத்தச் சொல்லும். புதுசு அரைமணி தள்ளி, முடிஞ்ச நேரத்தச் சொல்லிருச்சு. ஒரு தடவ பழைய மெசின்ல ஓட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

"நீங்க சொல்றது உண்மைன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று நீதிபதி கேட்டார்.

அவள் லேப்டாப்பைத் திருப்பி வைத்து அந்தக் கோப்பை ஓட்டினாள். கேட் திறந்தது. பெண்கள் வந்தார்கள். ஆரஞ்சுப் பை வந்ததும் நிறுத்தினாள். "என் பட்டியல்படி இது ஏழு முப்பத்தொண்ணு. ஏழு பன்னெண்டுக்கே இவங்க ஓடையில கெடந்தாங்க. செத்துப் போனவங்க எப்படிம்மா சிரிச்சிக்கிட்டு நடந்து போவாங்க?"

நீதிபதி திரையைப் பார்த்தார், மேசை மேலிருந்த பையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பாண்டிதுரை முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். பின்பெஞ்சில் வெங்கடேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீதிபதி ஹெப்சிபா பக்கம் திரும்பினார்.

"அப்படின்னா, ஏழு அஞ்சுக்கு அந்தப் பக்கம் போன வண்டி எது?"

ஹெப்சிபா பட்டியலைப் பார்க்கவில்லை. வண்டி நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள், டைப் அடிப்பவர் அடித்து முடிக்கும் வரை காத்திருந்து சொன்னாள்.

"பார்க்காமலே சொல்றீங்க. யார் வண்டி அது?"

"என்னோடதும்மா. என் பேர்லதான் இருக்கு."

"அன்னைக்கு ஓட்டினது?"

அவள் வாசலைப் பார்த்தாள். ஜெபின் எங்கும் போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா போனதற்கப்புறம் இப்படித்தான் பார்ப்பான், இன்னிக்கு என்ன சாப்பாடு என்று கேட்கும்போது. அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் தம்பி ஜெபின். வண்டி வெளிய கேன்டீன் பக்கத்துல நிக்கும்மா. சாவி அவன்ட்டதான் இருக்கு."